பதில்: இரண்டு டக்ளஸ்களும் குழப்புகிறார்கள், யாரை வைத்துப் பேசுவது?

வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முந்தைய அடிமை முறை மோதல் பற்றி வகுப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டும், கையில் பன்னிரண்டு பெயர்கள், இரண்டு டக்ளஸ்களும் ஒருவரா என்றே புரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

வேறு வேறு ஆட்கள்தான். ஸ்டீபன் டக்ளஸ் இல்லினாய் செனட்டர். புதிய பகுதிகளில் அடிமை முறை வேண்டுமா என்பதை அங்கே குடியேறியவர்களே முடிவு செய்யட்டும் என்று 1854இல் கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டத்தைக் கொண்டுவந்தவர். ஃபிரெடரிக் டக்ளஸ், அடிமையாகப் பிறந்து 1838இல் மேரிலாந்திலிருந்து தப்பியவர். பின்னாளில் பத்திரிகை நடத்தினார்.

பன்னிரண்டு பேரையும் தொட்டால் வருகைப் பதிவேடு வாசித்த மாதிரி ஆகிவிடும். நானாக இருந்தால் 1856 மே மாதத்தைப் பிடித்துக்கொள்வேன். அந்தச் சட்டத்தால் கான்சஸில் அடிமை முறையை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அடிமை முறையை எதிர்த்த மாசசூசெட்ஸ் செனட்டர் சார்லஸ் சம்னர் செனட்டில் அதைக் கண்டித்துப் பேசுகையில், தென் கரோலினா செனட்டர் பட்லரையும் கிண்டலடித்தார். பட்லரின் உறவினர் பிரெஸ்டன் புரூக்ஸ் மே 22 அன்று அவைக்குள்ளேயே வந்து, கைத்தடி உடையும்வரை சம்னரை அடித்தார். மேசை தரையோடு பொருத்தப்பட்டிருந்ததால் சம்னரால் சட்டென்று எழக்கூட முடியவில்லை. தெற்கிலிருந்து புரூக்ஸுக்குப் புதுக் கைத்தடிகள் பரிசாக வந்தன, கொடுமையைப் பாருங்கள்!

இரண்டே நாளில் கான்சஸில், அடிமை முறையை ஆயுதத்தால் ஒழிக்க நினைத்த ஜான் பிரவுனின் ஆட்கள், எதிர்த் தரப்பினர் ஐந்து பேரை வெட்டிக் கொன்றார்கள். அப்புறம் 1859இல், ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கைத் தாக்க வரும்படி பிரவுன் ஃபிரெடரிக் டக்ளஸைக் கூப்பிட்டார், அவர் மறுத்துவிட்டார். லிங்கனுக்கு ஒரு வரி போதும்: 1858இல் ஸ்டீபன் டக்ளஸோடு ஏழு மேடைகளில் வாதிட்டும் செனட் இடம் கிடைக்கவில்லை.