மூன்றாம் தலைமுறையில் அலுத்துப்போவது ஏன்?

கேள்வி: சிம்ஸ் 4 என்ற கணினி விளையாட்டில், ஒரே குடும்பத்தைப் பத்துத் தலைமுறை வளர்க்கும் லெகசி சேலஞ்சை நான்கு முறை ஆரம்பித்து, நான்கு முறையும் மூன்றாவது தலைமுறையில் விட்டுவிட்டேன். இப்போதைய குடும்பத்தில் பேத்தி மீனா, பேரன் கதிர் இருவரும் டீன் ஏஜுக்கு வந்துவிட்டார்கள். மூன்று மாடி வீடு, கையில் லட்சக்கணக்கில் சிமோலியன் (விளையாட்டுப் பணம்). ஆனால் கேமைத் திறக்கவே மனம் வரவில்லை. தனிக்குடித்தனம் போன பெரியப்பாவின் பிள்ளைகளையும் குடும்ப மரத்தில் காணவில்லை. என்னிடம் இருப்பது பேஸ் கேம் (கூடுதல் பேக் எதுவும் சேராத அடிப்படை விளையாட்டு) மட்டும். இரவு ஒரு மணி நேரம் விளையாடுவேன், தங்கை பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பத்துத் தலைமுறைக்கும் முன்கூட்டியே திட்டம் போட்டுப் புதிதாக ஆரம்பிக்கட்டுமா?
— வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

தயவுசெய்து எதையும் அழிக்காதீர்கள். மூன்று தலைமுறை வளர்த்த குடும்பம் அது. உங்கள் அலுப்புக்குக் காரணம் திட்டக் குறைவு இல்லை. உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது: மூன்று மாடி வீடு, லட்சக்கணக்கில் பணம்.

இந்தச் சேலஞ்ச் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 2000-ல் வந்த முதல் சிம்ஸில் குழந்தைகள் குழந்தைகளாகவே இருந்தார்கள், யாருக்கும் முதுமை கிடையாது. 2004-ல் சிம்ஸ் 2 வந்த பிறகுதான் பிறப்பு, வளர்ச்சி, முதுமை, சாவு என்று ஒரு வம்சம் நகர ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில் பின்ஸ்டார் என்ற பெயரில் எழுதிய ஒரு ரசிகர் வகுத்ததுதான் லெகசி விதிகள். சிம்ஸ் 4-க்கான வடிவத்தில் ஒரே ஒரு ஆள், பெரிய காலி மனை, கையில் வெறும் 1,800 சிமோலியன். சீட் கோடு போட்டு ஏமாற்றக் கூடாது, அந்த மனையை விட்டுக் குடும்பம் நகரக் கூடாது, பத்துத் தலைமுறை தழைக்க வேண்டும். அந்த 1,800-தான் இதன் உயிர். சுவர் கட்டக் காசில்லாமல் திறந்தவெளியில் ஒரு கட்டில், ஒரு கழிப்பறை. காட்டுச் செடியைப் பறித்தும், தவளை பிடித்தும், பாறையைத் தோண்டிக் கிடைத்த கல்லை விற்றும் ராத்திரிச் சாப்பாடு. அந்த நாட்களில் உங்களுக்கு அலுத்ததா? நிச்சயம் அலுத்திருக்காது.

குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பார்கள். சிம்ஸில் மாளாது. தோட்டம் காய்த்துக்கொண்டே இருக்கும், பாட்டி எழுதிய நாவலுக்கு ராயல்டி வரும், அம்மா வரைந்த ஓவியம் விலைபோகும். வாராவாரம் வரும் பில் அந்தச் சொத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. அதனால் மீனா செய்வதற்கு அந்த வீட்டில் ஒன்றுமே இல்லை. குறையை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும்.

அதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி பாகப்பிரிவினை. வாரிசு யார் என்று முடிவானதும், மற்ற பிள்ளைகளைத் தனிக்குடித்தனம் அனுப்பும்போது கையிருப்பில் பெரும்பங்கை அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். குடும்பத்தைப் பிரிக்கும் திரையிலேயே பணத்தையும் மாற்றலாம். பிறகு வீட்டிலும் கை வையுங்கள்: மேல் இரண்டு மாடியை இடித்துவிட்டு, அந்தக் காசையும் பிரிந்து போகிறவருக்கே சேர்த்துவிடுங்கள். பின்ஸ்டார் விதியில் இது இல்லை. ஆனால் எந்த விதியையும் மீறவும் இல்லை. என் ஐந்தாம் தலைமுறைப் பையனுக்கு மிஞ்சியது ஒரு கூடமும் சமையலறையும்தான். அந்த வம்சத்திலேயே நான் அதிகம் ஆசையாக விளையாடியது அவன் காலத்தைத்தான்.

பத்துத் தலைமுறைக்கும் முன்கூட்டியே எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படித் தயார்நிலையில் இருப்பதுதான் ‘நாட் ஸோ பெர்ரி’ சேலஞ்ச். புதினா நிறத்தில் தொடங்கி நீலம் வரை தலைமுறைக்கு ஒரு நிறம், ஒரு வேலை, ஒரு லட்சியம். அழகான திட்டம்தான். ஆனால் முதல் தலைமுறைக்கே விஞ்ஞானி வேலை வேண்டும், அது ‘கெட் டு வொர்க்’ பேக்கில்தான் இருக்கிறது. பேஸ் கேமோடு நீங்கள் பாதியை மாற்றி எழுத வேண்டிவரும். தவிர, இன்னும் பிறக்காத கொள்ளுப்பேத்திக்கு இன்றைக்கே வேலை பார்த்து வைத்தால், அவள் என்ன குணத்தோடு வளர்கிறாள் என்று நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். வாரிசு டீன் ஏஜுக்கு வந்ததும் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள், போதும். “அப்பா முடிக்காத தோட்டத்தை இவள் முடிக்கிறாள்” என்பது மாதிரி. முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியது வாரிசு விதியை மட்டும்தான். மூத்த பிள்ளையா, கடைசிப் பிள்ளையா, குலுக்கலா, வெளியாட்கள் ஓட்டா என்பது முதல் குழந்தை பிறக்கும் முன்பே எழுத்தில் இருக்கட்டும். பிறந்த பிறகு என்றால் முகத்தைப் பார்த்து மனம் மாறிவிடும்.

காலக் கணக்கையும் மனதில் வையுங்கள். சாதாரண வேகத்தில் ஒரு சிம் நாள் என்பது 24 நிமிடம். தலைமுறைக்கு 40 சிம் நாள் என்று வைத்தால் 16 மணி நேரம், பத்துக்கு 160 மணி நேரம். வேகத்தைக் கூட்டினால் குறையும் என்றாலும், இரவுக்கு ஒரு மணி நேரம் என்றால் இது மாதக்கணக்கில் ஓடும் வேலை. அதில் அவசரம் கூடாது.

பெரியப்பா பிள்ளைகள் விஷயம். விளையாட்டில் மொத்தம் எத்தனை சிம் (ஆட்கள்) இருக்கலாம் என்று செட்டிங்கில் ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால், நீங்கள் விளையாடாத ஆட்களை கேம் தானாகவே நீக்கும். பெரும்பாலும் அப்படித்தான் போயிருப்பார்கள். அந்த வரம்பைக் கூட்டி வையுங்கள். ஆனாலும் கேமின் குடும்ப மரத்தை மட்டும் நம்பாதீர்கள். பிளம்ட்ரீ என்ற குடும்ப மர இணையதளத்தில் வம்சத்தை ஏற்றி வைக்கலாம். நான் கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். என் முதல் ஆள் சமையல் தெரியாமல் மலிவு அடுப்பில் தீப்பிடித்து இறந்தவள். அவள் பக்கத்தில் “ஸ்மோக் அலாரம் வாங்கவில்லை” என்று எழுதியிருக்கிறேன். அவள் கல்லறைக் கல்லை ஆறு தலைமுறையாகக் கூடத்திலேயே வைத்திருக்கிறேன். ராத்திரியில் அவள் எழுந்து வந்து, தன் பெயரையே வைத்துக்கொண்ட கொள்ளுப்பேத்தியோடு உட்கார்ந்து பேசியதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தலைமுறை மாறும்போதெல்லாம் ‘சேவ் ஆஸ்’ கொடுத்துத் தனிப் பெயரில் சேமியுங்கள். பழைய சேமிப்பைத் தொடாதீர்கள்.

இன்று இரவு அந்தக் குடும்பத்தைத் திறங்கள். மீனாவா, கதிரா? நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். தங்கையிடம் இருவருடைய குணங்களையும் வாசித்துக் காட்டி அவளை ஓட்டுப் போடச் சொல்லுங்கள். தோற்றவர் பெரியவராகும் நாளில் பணத்தோடு வெளியேறட்டும். மேல் மாடியை இடிக்கும்போது தங்கை ஆட்சேபிப்பாள், அதற்கும் தயாராக இருங்கள்.