டெலஸ்கோப் இல்லாமலே தெரிந்த மாற்றம்: அனுஷத்தின் நடு நட்சத்திரம்

"ஒரு நட்சத்திரம் முன்பைவிடப் பிரகாசமாகிவிட்டது என்பதை வெறும் கண்ணால் கண்டுபிடிக்க முடியுமா?" என்பது கேள்வி.

முடியும். நம் காலத்திலேயே நடந்திருக்கிறது, அதுவும் நமக்கெல்லாம் பெயர் தெரிந்த ஒரு நட்சத்திரத்தில். விருச்சிக ராசியில் சிவப்பாக மின்னும் கேட்டைக்கு, அதாவது அன்டாரிஸுக்கு, மேற்கே மூன்று நட்சத்திரங்கள் மேலும் கீழுமாக ஒரு வரிசையில் நிற்கும். பஞ்சாங்கத்தில் அனுஷம் என்பது இந்த மூன்றும்தான். மேலே இருப்பது பீட்டா, நடுவில் டெல்டா, கீழே பை. நான் சொல்ல வந்தது நடுவில் இருக்கும் டெல்டா ஸ்கார்ப்பியைப் பற்றி.

பழைய நட்சத்திரப் பட்டியல்களில் இதன் பிரகாசம் 2.3 என்றே இருக்கும் (இந்த அளவில் எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்). மாறாத நட்சத்திரம் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். 2000-ஆம் ஆண்டின் நடுவில் அர்ஜென்டினாவைச் சேர்ந்த செபாஸ்டியன் ஒட்டேரோ என்ற அமெச்சூர் வானியல் ஆர்வலர் இது வழக்கத்தைவிடக் கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறதே என்று கவனித்தார். அப்போது கூடியிருந்தது வெறும் 0.1 அளவு, அதாவது பத்து சதவீதம் போல. சாதாரணமாக வானத்தை அண்ணாந்து பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. அக்கம்பக்கத்து நட்சத்திரங்களில் எதைவிட எது பிரகாசம் என்பது மனப்பாடமாக இருந்தால்தான் பிடிபடும். செய்தி பரவியதும் அதன் நிறமாலையை, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பதிவு செய்து பார்த்தார்கள், ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு ஒளிர்ந்துகொண்டிருந்தது. அப்புறம் பிரகாசம் கூடிக்கொண்டே போய் 1.6 வரை வந்தது. பழைய நிலையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஒளி! விருச்சிகத்தின் தலைப் பகுதி பார்க்கவே வேறு மாதிரி ஆகிவிட்டது. இன்றைக்கும் வானியலில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

சரி, ஏன் பிரகாசமானது? டெல்டா உண்மையில் ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நட்சத்திரங்கள். இரட்டை நட்சத்திரம், பிரகாசம் மாறுகிறது என்றதுமே பலர் ஒன்று இன்னொன்றை மறைக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். அல்கோல் போன்ற இரட்டை நட்சத்திரங்களில் அப்படித்தான், அங்கே குறித்த நேரத்துக்கு மங்கி, குறித்த நேரத்துக்குப் பழையபடி ஆகிவிடும். இங்கே கிரகணம் எதுவும் இல்லை, ஏனென்றால் இந்த ஜோடியின் சுற்றுப்பாதை நம் பார்வைக்கோட்டில் இல்லாமல் சாய்ந்து கிடக்கிறது. இங்கே நடப்பது ஒளி குறைவது அல்ல, கூடுவது. இரண்டில் பெரியது சூரியனைப்போல் பத்து மடங்குக்கும் மேல் நிறை கொண்ட நீல நட்சத்திரம், தன்னைத்தானே பயங்கர வேகத்தில் சுற்றுகிறது. ஈரத் துணியைச் சுழற்றினால் தண்ணீர் சிதறுமே, அந்த மாதிரி அதன் நடுக்கோட்டுப் பகுதியிலிருந்து வாயு வெளியேறி, நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு தட்டாகப் பரவுகிறது. நட்சத்திரத்தின் புற ஊதா ஒளி அந்த வாயுவைத் தாக்க, தட்டும் சேர்ந்து ஒளிர்கிறது. நாம் பார்ப்பது நட்சத்திரமும் தட்டும் சேர்ந்த வெளிச்சம். அந்தச் சிவப்புக் கோடும் இந்தத் தட்டிலிருந்து வருவதுதான். வாயு வரத்து குறைந்தால் மங்கும், கூடினால் மறுபடி பிரகாசமாகும். 2000-க்குப் பிறகு இரண்டும் மாறி மாறி நடந்திருக்கின்றன. காசியோப்பியா நட்சத்திர மண்டலத்தின் நடுவில் இருக்கும் காமாவும் இந்த இனம்தான், அது 1937-இல் இதேபோல் திடீரென்று ஒளி கூடியது.

இதில் துணை நட்சத்திரத்துக்கு என்ன வேலை என்பதுதான் சுவாரசியமான பகுதி. அது பெரியதை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 10.8 ஆண்டுகள் ஆகும். பாதை வட்டமே இல்லை, மிகவும் நீண்ட நீள்வட்டம். தொலைவில் இருக்கும்போது நம் சூரியனுக்கும் யுரேனஸுக்கும் உள்ள தூரத்தைத் தாண்டிப் போய்விடும், நெருங்கும்போது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைவிடக் கிட்டே வந்துவிடும். 2000 செப்டம்பரில் அப்படி நெருங்கியது, அதே ஆண்டில்தான் பிரகாசமும் கூடியது. அதனால் துணையின் ஈர்ப்புதான் வாயுவை இழுத்துவிட்டிருக்கும் என்று அப்போது தோன்றியது இயல்புதான். 2011 ஜூலையில் அடுத்த நெருக்கம் வந்தபோது உலகம் முழுக்கத் தொழில்முறை ஆய்வாளர்களும் சிறிய டெலஸ்கோப் வைத்திருந்த ஆர்வலர்களும் மாதக்கணக்கில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டு சிதறவில்லை, பெரிய வெடிப்பு மாதிரியும் எதுவும் நடக்கவில்லை. அடுத்து 2022-இலும் நெருங்கிப் போனது. என் கருத்தைக் கேட்டால், துணை ஒரு தூண்டுதலாக இருந்திருக்கலாம், ஆனால் மூல காரணம் பெரிய நட்சத்திரத்தின் சுழற்சிதான். ஒட்டேரோ கவனித்தது செப்டம்பர் நெருக்கத்துக்கு முன்னால், துணை விலகிப் போய்ப் பல ஆண்டுகள் ஆன பிறகும் தட்டு மறையாமல்தான் இருந்தது, இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வேறு மாதிரி யோசிக்க எனக்கு வழி தெரியவில்லை.

நீங்களே பார்க்க வேண்டுமா? ஜூன் மாதம் இரவு பத்து, பதினொரு மணிக்குத் தெற்குப் பக்கம் மொட்டைமாடியில் நின்றால் போதும், நல்ல உயரத்தில் இருக்கும். அடையாளம் தெரியவில்லையென்றால் காலண்டரில் அனுஷம் என்று போட்டிருக்கும் நாளில் பாருங்கள், நிலா அந்தப் பக்கத்தில்தான் நிற்கும். ஆனால் அன்றைக்கு இடத்தை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், ஒப்பிடுவதை நிலா இல்லாத இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பீட்டாவோடு ஒப்பிடுங்கள். முன்பெல்லாம் நடு நட்சத்திரம் பீட்டாவைவிடச் சற்றே பிரகாசம், அவ்வளவுதான். தட்டு நன்றாக ஒளிரும் காலத்தில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பிறகு தேளின் கொடுக்கில் இருக்கும் ஷௌலா, நம் மூலம் நட்சத்திரக் கூட்டத்தில் பிரகாசமானது, அது 1.6. ஆனால் நம் ஊரில் அது அனுஷத்தைவிடத் தாழ்வாக நிற்பதால் காற்று மண்டலம் அதன் ஒளியைக் கொஞ்சம் கூடுதலாகத் தின்றுவிடும், அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டையோடு மட்டும் ஒப்பிட வேண்டாம், சிவப்பு நட்சத்திரத்தை உற்றுப் பார்க்கப் பார்க்கக் கண்ணுக்குப் பிரகாசம் கூடுவது போலத் தோன்றும், போதாக்குறைக்கு அதுவும் பிரகாசம் மாறும் நட்சத்திரம்.

பார்த்ததைத் தேதி, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். ஏஏவிஎஸ்ஓ என்ற மாறுமீன் (பிரகாசம் மாறும் நட்சத்திரம்) பார்வையாளர் சங்கம் 1911-இலிருந்து இப்படிப்பட்ட பதிவுகளைச் சேர்த்துவருகிறது, யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், வெறும் கண்ணால் பார்த்ததையும் ஏற்கிறார்கள். அடுத்த நெருக்கம் 2033 வாக்கில். இப்போதே ஆரம்பித்தால் அதற்கு முன் எப்படி இருந்தது என்பதற்கு உங்கள் கையிலேயே பல வருடப் பதிவு இருக்கும்.