தாத்தாவின் சவரக் கத்திக்கு எந்தக் கல்?

கேள்வி: தாத்தா சலூனில் பாவித்த பழைய சவரக் கத்தி என்னிடம் இருக்கிறது. அடியில் 'சொலிங்கன்' என்று வெட்டியிருக்கிறது. தீட்டி நானே சவரம் செய்ய விருப்பம். டவுன் ஹாட்வெயார் கடையில் இரண்டு பக்கக் கறுப்புக் கல் காட்டுகிறார்கள். இணையத்தில் '10000' என்று போட்டு ஒரு வெள்ளைக் கல் மலிவாக வருகிறது. எதை வாங்குவது? (தலவாக்கலை வாசகர்)

பதில்: இரண்டும் வேண்டாம் தம்பி.

அந்தக் கறுப்புக் கல் கார்பொரண்டம். கவ்வாத்துக் கத்திக்கு அருமையான கல். சவரக் கத்தியில் வைத்தால் அது போடும் கீறல் வெறும் கண்ணுக்கே தெரியும். கல்லின் எண் கூடக் கூட, அதில் இரும்பைத் தேய்க்கிற மணி சிறுக்கும். கன்னத்தில் வைக்கிற கத்திக்கு, ஜப்பானியக் கணக்கில் 8000 வரைக்குமாவது போயாக வேண்டும்.

வெள்ளைக் கல் இன்னும் மோசம். எங்கேயோ மொத்தமாக எடுத்து, பெட்டி மாற்றி, வாய்க்கு வந்த எண்ணை ஒட்டி விற்கிற தரகர்கள் பெருகிவிட்டார்கள். செய்தவர் பெயர் இருக்காது, எந்த நாட்டுக் கணக்கு என்றும் இருக்காது. ஐரோப்பியக் கணக்கில் 1200 என்பது ஜப்பானியக் கணக்கில் கிட்டத்தட்ட 4000. அப்படியிருக்க வெறும் எண்ணை மட்டும் பார்த்து என்ன வாங்குவது? பருப்புப் பொதியில் திகதி தேடுகிற அதிகாரிகள் ஒரு நாளாவது கல் பெட்டியைத் திருப்பிப் பார்த்ததை நான் கண்டதில்லை. ஏமாறுகிறவர் பாடு என்று விட்டுவிட்டார்கள்.

நோட்டன் கம்பனியின் 4000/8000 இரட்டைக் கல் ஒன்று போதும். பில் தருகிற இடத்தில் மட்டும் வாங்குங்கள். பெல்ஜியத்து இயற்கைக் கல் நல்லதுதான், ஆனால் முதல் கத்திக்கு அவ்வளவு காசு கொட்டத் தேவையில்லை.

ஒரேயொரு விதிவிலக்கு, கத்தியின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், பல் விழுந்து சிறு துண்டு போயிருந்தால். கத்தியின் வாயை மேலே பார்க்கத் திருப்பி, லைட்டுக்கு அடியில் மெல்ல அசைத்துப் பாருங்கள். கூரான வாய் ஒளியைத் திருப்பித் தராது. எங்கேயாவது வெள்ளையாக ஒரு புள்ளி மின்னினால் அங்கே பல் விழுந்திருக்கிறது. அதை 4000 கல்லில் எடுக்க முயன்றால் கைதான் ஓயும். அப்போது மட்டும் 1000 கல் ஒன்று தேவை. வாய் நெடுக மார்க்கரால் கோடு பூசி, இரு பக்கமும் ஒரு தடவை இழுங்கள். மை எங்கே மிஞ்சுகிறதோ அங்கே கல் படவில்லை. பல் மறைந்து, மையும் முழுக்கப் போகும்வரை 1000-ஐ விட்டு இறங்காதீர்கள். பிறகு 4000, கடைசியாக 8000. நடுவிலுள்ள 4000-ஐ விட்டுவிட்டு நேரே 8000-க்குத் தாவக் கூடாது. பல் என்று நினைத்தது கத்தியின் உடம்புக்குள் ஓடுகிற வெடிப்பாக இருந்தால் எந்தக் கல்லாலும் ஆகாது, அந்தக் கத்தியை முகத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

தீட்டும்போது கத்தியைப் படுக்க வையுங்கள். முதுகும் வாயும் இரண்டும் கல்லில் படவேண்டும், கோணத்தை முதுகே பார்த்துக்கொள்ளும். வாய் முன்னே போக இழுத்து, முதுகின் மேல் புரட்டித் திருப்புங்கள். அழுத்தவே வேண்டாம். கல்லுக்குத் தண்ணீர் மட்டும், எண்ணெய் விட்டால் கல் அடைத்துப்போகும். முடிந்ததும் தோல் வாரில், இந்த முறை முதுகு முன்னே போக, இழுங்கள். வாரில் வாய் முன்னே போனால் தோலும் கிழியும், தீட்டியதும் வீண்.

தெருவில் சாணைச் சக்கரத்தோடு வருகிறவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். தீப்பொறி பறக்கிற சூட்டில் மெல்லிய வாய் நீலம் பாரிக்கும். நீலம் பாரித்த இரும்பு பதம் இழந்த இரும்பு, பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. எத்தனை நல்ல கத்திகள் ஐந்து நிமிடத்தில் இப்படிப் போயிருக்கின்றன! வயிறு எரிகிறது.

உங்கள் பக்கத்து மூடுபனிக்குப் பழைய இரும்பு சீக்கிரம் துருவேறும். சவரம் முடிந்ததும் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் தடவுங்கள். தேங்காயெண்ணெய் குளிரில் உறைந்து பிடிக்குள் அப்பிக்கொள்ளும்.