வார்டை விட்டுக் கம்யூனிட்டிக்குப் போகலாமா?

நாகர்கோவில் தங்கச்சிக்கு,

நீ கேட்டது இது. லீட்ஸ் பக்கம் ஒரு மனநல வார்டில் இரண்டு வருஷமாக பேண்ட் 5 (பேண்ட் என்பது இங்கே சம்பளத் தரம்) நர்ஸாக இருக்கிறாய். பெரியவர்களுக்கான கம்யூனிட்டி மனநல அணியில் பேண்ட் 6 இடம் ஒன்று காலியாக இருக்கிறது, வார்டு மேலாளரே விண்ணப்பிக்கச் சொல்கிறார். "வீடு வீடாகப் போய்ப் பேசிவிட்டு வருவதெல்லாம் ஒரு வேலையா அக்கா? ஊரில் ஐசியூவில் இருந்தவள் நான், கைவேலை மறந்துபோய்விடாதா? தனியாகப் போகவும் பயமாக இருக்கிறது, கார் ஓட்டவும் தெரியாது" என்று எழுதியிருந்தாய். என் தங்கை வயதுதான் உனக்கு, அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

கார் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். லண்டன் என்றால் பஸ்ஸிலும் ரயிலிலும் சமாளிக்கலாம். இங்கே யார்க்‌ஷயரில், மணிக்கு ஒரு பஸ் வரும் மேட்டுத் தெருக்களில், ஒரு நாளில் ஐந்து வீடு பார்க்க வேண்டும். கார் இல்லாமல் நடக்காது. ஊர் லைசென்ஸ் இருந்திருந்தாலும் இங்கே குடியேறிய முதல் 12 மாதம்தான் செல்லும். ஆகவே ப்ரொவிஷனல் லைசென்ஸுக்கு இன்றே போடு, தியரி பரீட்சையை எழுது. ரோடு டெஸ்டுக்குத் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். நான் மூன்றாவது தடவைதான் பாஸானேன். ரவுண்டபவுட்டில் யாருக்கு வழி விடுவது என்று தெரியாமல் எல்லோருக்கும் விட்டுக்கொண்டே நின்றேன். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது வேலைக்காக ஓட்டுவதையும் சேர்த்து எடு. வீட்டிலிருந்து அலுவலகம் போய்வரும் சாதாரண பாலிசி நோயாளி வீட்டுக்குப் போகும்போது செல்லாது.

பயத்தைப் பற்றி. இத்தனை வருஷத்தில் என்னைக் கடித்தது ஒரு நாய் மட்டும்தான். அடித்த நோயாளி யாரும் இல்லை. அதற்காக அசட்டையாகப் போகச் சொல்லவில்லை. போகும் முன் பழைய குறிப்புகளைப் படிக்க வேண்டும், புது ஆள் என்றால் முதல் தடவை இரண்டு பேராகப் போவோம். எந்த வீடு, எத்தனை மணிக்கு, எப்போது திரும்புவேன் என்பது டைரியில் இருக்கும். வேலை முடிந்து நான் கூப்பிடவில்லை என்றால் அலுவலகத்திலிருந்து கூப்பிடுவார்கள். ஆபத்து என்றால் போனில் சொல்ல ஒரு சங்கேத வாக்கியமும் உண்டு. உள்ளே போனதும் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார். யாராவது குடித்திருந்தால், முன்பின் தெரியாத ஆட்கள் வீட்டில் இருந்தால், "அப்புறம் வருகிறேன்" என்று திரும்பிவிடு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, இனி நீ உண்மையாகக் கேட்ட கேள்வி. பேசிவிட்டு வருவது ஒரு வேலையா?

நான் 2003இல் வந்தேன். ஒரு முதியோர் இல்லத்தில் வெளிநாட்டு நர்ஸ்களுக்கான அடாப்டேஷன் பயிற்சி முடித்து, இங்கத்திய நர்ஸிங் கவுன்சிலான என்எம்சியில் பதிவு வாங்கி, அப்புறம் மனநலத்துக்கென்று தனியாகப் படித்தேன். கம்யூனிட்டியில் முதல் மாதம் எனக்கும் இதே எண்ணம்தான். மானிட்டர் இல்லை, டிரிப் இல்லை, மருந்து வண்டி இல்லை. ஒரு சோபா, அதில் பூனை, எதிரே டிவியைப் பார்த்தபடி ஒரு மனுஷர். என்ன செய்கிறோம் இங்கே என்று தோன்றும். இந்த வேலை தொடங்கியதே அப்படித்தான். 1954இல் சர்ரேயில் வார்லிங்ஹாம் பார்க் என்ற மனநல மருத்துவமனையிலிருந்து இரண்டு நர்ஸ்களை வெளியே அனுப்பினார்கள், வீட்டுக்குப் போனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துவர. இன்றைக்கும் வயதான நோயாளிகள் எங்களை சிபிஎன், அதாவது கம்யூனிட்டி சைக்கியாட்ரிக் நர்ஸ், என்றுதான் கூப்பிடுவார்கள்.

என் பெயரில் எப்போதும் இருபத்தைந்து, முப்பது பேர் இருப்பார்கள். ஸ்கிசோஃப்ரினியா, பைபோலார், ஆளை எழவிடாத மன அழுத்தம். டெப்போ ஊசி, அதாவது உடம்பில் மெல்ல மெல்லக் கரையும் மருந்து, வாரம் சிலருக்கு, மாதம் சிலருக்கு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவைகூட உண்டு. லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்குக் கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும், தைராய்டும் சிறுநீரகமும் பார்க்க வேண்டும். ஆகவே ஊசியும் ரத்தமும் மறந்துபோகாது, கவலைப்படாதே. ஆனால் சாமர்த்தியம் தேவைப்படுவது அதில் இல்லை. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது நான் செய்த ஒரு தப்பு. ஆள் தெரியாதபடி சிலதை மாற்றித்தான் சொல்கிறேன்.

ஐம்பது தாண்டியவர், தனியாக இருப்பவர். பல வருஷமாக க்ளோசபின். வேறு மருந்துக்கு மசியாதவர்களுக்குக் கொடுக்கும் கடைசி மருந்து அது. வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும் என்பதால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம், அப்புறம் வருஷம் முடியும்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை. இவர் மாதக் கணக்குக்கு வந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்தாலே சிகரெட் நெடி, என் கோட்டை ராத்திரி பால்கனியில் தொங்கவிட வேண்டியிருக்கும். ஜன்னல் திட்டில் ஒரு சாஸர், அதில் துண்டுகள் குவிந்து வழியும்.

அன்றைக்குப் போனால் ஜன்னல் திறந்திருந்தது. அறையில் நெடி இல்லை. சாஸர் கழுவிக் கவிழ்த்து, சிங்க் பக்கத்தில் இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். "வீட்டை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்கள்!" என்று பாராட்டினேன். அவர் கொஞ்சம் தூங்கி வழிந்தார், சட்டைக் காலர் எச்சிலில் நனைந்திருந்தது. கேட்டதற்கு "டயர்டு, லவ்" என்றார். காருக்குத் திரும்பி லேப்டாப்பில் எழுதினேன்: வீடு சுத்தம், மனநிலை நன்று, லேசான தூக்கக் கலக்கம்.

இரண்டு வாரம் கழித்து கிளினிக்கில் ரத்தம் கொடுக்க வந்தபோது அவர் தள்ளாடுவதை உதவியாளர் பெண் கவனித்து எங்கள் மருந்தாளரைக் கூப்பிட்டாள். மருந்தாளர் கேட்ட முதல் கேள்வி: "சிகரெட்டை விட்டுவிட்டீர்களா?" ஆமாம், மூன்று வாரமாகிறது, இப்போது வேப் மட்டும்தான் என்று பெருமையாகச் சொன்னார் அவர். புகையில் இருக்கும் தார் கல்லீரலைத் தூண்டி க்ளோசபினைச் சீக்கிரம் கரைத்துவிடும். நிகோடினுக்கு அந்த வேலை கிடையாது, எனவே வேப் ஈடாகாது. சிகரெட் நின்றதும் அதே மாத்திரை, அதே அளவு, ரத்தத்தில் மட்டும் ஒன்றரை மடங்கு, சிலருக்கு அதற்கும் மேலே ஏறிவிடும். வலிப்பு வந்திருக்கலாம். உடனே டோஸைக் குறைத்தார்கள், ஆள் தப்பினார்.

எனக்கு அந்த விதி தெரியாமல் இல்லை. பரீட்சையில் கேட்டால் எழுதியிருப்பேன். ஐசியூவில் எண் மாறினால் அலாரம் அடிக்கும். அங்கே அலாரம் அந்தக் கவிழ்த்து வைத்த சாஸர். அதைப் பார்த்துவிட்டுப் பாராட்டிவிட்டு வந்தேன் நான். கைவேலை மறந்துபோகும் என்று பயப்படுகிறாயே, கண்ணுக்குத்தான் இங்கே வேலை. பிரிட்ஜில் பால் எந்தத் தேதியில் கெட்டது, வாசலில் எத்தனை நாள் தபால் கிடக்கிறது, ப்ளிஸ்டர் அட்டையில் எந்தக் கிழமை உடைபடவில்லை. மலச்சிக்கலையும் விடாமல் கேள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனால் க்ளோசபின் சாப்பிடுகிறவர்களுக்கு அது உயிருக்கே வினையாகும்.

இன்னொரு வித்தியாசம், கதவு. மனநலச் சட்டத்தின் எந்தப் பிரிவில் ஒருவரைக் கட்டாயமாக மருத்துவமனையில் வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் செக்ஷன் என்கிறோம். வார்டில் செக்‌ஷன் 2 என்றால் 28 நாள், செக்‌ஷன் 3 என்றால் ஆறு மாதம் வரை, சாவி உன் இடுப்பில். வெளியே வந்தால் சாவி அவரிடம். சிலர் சமூகச் சிகிச்சை உத்தரவில் இருப்பார்கள், சிடிஓ என்பது அதுதான். 2008 முதல் இருக்கிறது. அதற்காக வீட்டில் வைத்துக் கட்டாயமாக ஊசி போட்டுவிட முடியாது. மறுத்தால் மருத்துவமனைக்குத் திரும்ப அழைக்கும் அதிகாரம் மட்டும் மருத்துவரிடம் உண்டு. அதை நான் முடிந்தவரை வாயில் எடுப்பதில்லை. ஒருமுறை எடுத்துவிட்டால் அடுத்த தடவை கதவு திறக்காது. ஒரு அம்மா ஆறு வாரம் திறக்கவில்லை. வாரம் ஒரு நாள் போய், படியில் முழங்காலிட்டு, தபால் துவாரம் வழியாக அன்றைய மழையைப் பற்றியும் அவர் பூனையைப் பற்றியும் பேசிவிட்டு வருவேன். பக்கத்து வீட்டுக்காரர் என்னை எதையோ விற்க வந்தவள் என்று நினைத்துக்கொண்டார். ஏழாவது வாரம் கதவு சங்கிலியளவுக்குத் திறந்தது.

மொழி பற்றிச் சொல்லிவிடுகிறேன். வார்டிலேயே யார்க்‌ஷயர் பேச்சு பழகியிருப்பாய், ஆனால் வீட்டில் அது இன்னும் கெட்டியாக வரும். "நாட் டூ பேட்" என்றால் பரவாயில்லை, நன்றாகவே இருக்கிறேன் என்று அர்த்தம். டீ வேண்டுமா என்று நீ கேட்டு அவர் "ஐயாம் ஆல்ரைட்" என்றால் வேண்டாம் என்று அர்த்தம். நான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். புரியாவிட்டால் திரும்பக் கேள், தலையாட்டி வைக்காதே. சாக வேண்டும் போல இருக்கிறதா என்பதையும் சுற்றி வளைக்காமல் நேராகவே கேட்க வேண்டும். நம் வளர்ப்பில் அந்த வார்த்தை வாயில் வரவே வராது. கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் வேண்டாம். கேட்டதும் பெருமூச்சு விட்டுப் பேசத் தொடங்கியவர்கள்தான் அதிகம்.

தமிழர் வீட்டுக்கும் அனுப்புவார்கள். நான் தமிழில் பேசியதும் மகிழ்ச்சியில் அழுதவர்களும் உண்டு, கோயிலில் நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்று வெலவெலத்துப் போனவர்களும் உண்டு. அதனால் போகும் முன்பே போனில் "நான் தமிழ், உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டுவிடுவேன். மகளையோ மருமகனையோ மொழிபெயர்க்க வைக்காதே. அவர்கள் முன்னால் எந்த அம்மாவும் உள்ளதைச் சொல்லமாட்டாள். யாழ்ப்பாணத்து அம்மா "தலையிடிக்குது, நெஞ்சு பாரமா இருக்கு" என்றால் குடும்ப மருத்துவரான ஜிபிக்கு எழுதுவதோடு விடாமல், எந்த வருஷத்திலிருந்து என்று கேள்.

படிக்கிற காலத்தில் கீழ்ப்பாக்கத்தில் போஸ்டிங் போயிருக்கிறேன், 1794இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அது. குணமான பிறகும் கூட்டிப்போக யாரும் வராமல் அங்கேயே தங்கிவிட்டவர்களைப் பார்த்தேன். வீட்டில் இருந்தவர்களுக்கோ ஓர் அம்மாவோ அக்காவோ ராப்பகலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்த அம்மாவை யாரும் கேட்கவில்லை. இங்கே பார்த்துக்கொள்கிறவருக்கும் தனியாக மதிப்பீடு கேட்க உரிமை உண்டு, 2014 சட்டப்படி. ஆனால் பல வீடுகளில் பார்த்துக்கொள்ள ஆளே இல்லை. அந்த வாரத்தில் அவரிடம் பேசிய ஒரே ஆள் நீயாக இருப்பாய். வெள்ளிக்கிழமை மாலை காரை எடுக்கும்போது அது கொஞ்சம் கனக்கும். வாராவாரம் இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை சூப்பர்விஷனை, அதாவது மூத்தவரோடு உட்கார்ந்து வேலையைப் பற்றிப் பேசும் நேரத்தை, தவறாமல் கேட்டு வாங்கு, ரத்தாகிக்கொண்டே போக விடாதே.

எழுத்து வேலை பாதி நாளைத் தின்னும். உதவித்தொகை விண்ணப்பங்களுக்குக் கடிதம், நோயாளிகளின் வீட்டு உரிமையாளர்களோடு போன் சண்டை எல்லாம் உன் தலையில்தான். நேர்காணலில் "நோயாளி கதவைத் திறக்கவில்லை, ஊசி இரண்டு நாள் தாண்டிவிட்டது, என்ன செய்வீர்கள்?" என்று கேட்டாலும் கேட்பார்கள். போலீஸைக் கூப்பிடுவேன் என்று தொடங்காதே. போன், குறிப்பு, மறுநாள் போவது, வீட்டார், ஜிபி, அணியில் பேசுவது என்று படிப்படியாகச் சொல். இடம் வேறு ட்ரஸ்ட்டில், அதாவது வேறு மருத்துவ நிர்வாகத்தில், என்றால் புது ஸ்பான்சர்ஷிப் கைக்கு வந்து விசா மாற்றாமல் வார்டு வேலையை விடாதே.

வேலை கிடைத்தால் கார் டிக்கியில் இவற்றைப் போட்டு வை: பயன்படுத்திய ஊசிகளைப் போட ஷார்ப்ஸ் பெட்டி, ஒரு ஜோடி சாக்ஸ், நாய்க்கு பிஸ்கட், போன் சார்ஜர். எந்த சூப்பர்மார்க்கெட்டில் டாய்லெட் இருக்கிறது என்று முதல் வாரமே தெரிந்து வைத்துக்கொள். குடை வாங்காதே, இங்கத்திய காற்றில் திரும்பிவிடும். தொப்பி வைத்த கோட்டாக வாங்கு.