அடுப்பை மாற்றும் முன் தீயைப் பாருங்கள்

கேள்வி: பால் பாத்திரம் முதல் குக்கர் வரை எல்லாவற்றின் அடியிலும் கரி பிடிக்கிறது. ஒன்றரை மாதம் வந்த சிலிண்டர் இப்போது ஒரு மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. அடுப்பு வாங்கி 7 வருடம் ஆகிறது. புது அடுப்பும் அடி கனமான பாத்திரங்களும் வாங்கிவிடுங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். இன்று இரவு சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைத்து, தீயைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். நீலமாக, ஆடாமல் எரிந்தால் அடுப்பில் குறையில்லை. மஞ்சளாக ஆடினால் கேஸ் முழுதாக எரியவில்லை. அந்த மிச்சம்தான் கரியாக ஒட்டுகிறது. கூடவே கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் வரும். அதற்கு வாசனை கிடையாது. சரிசெய்யும் வரை சன்னலைத் திறந்து வைத்தே சமையுங்கள்.

பெரும்பாலும் பொங்கி வழிந்த கஞ்சியும் பாலும்தான் காரணம். அடுப்பு ஆறியதும் பர்னரைக் கழற்றி, சோப்பு போட்ட வெந்நீரில் ஊறவைத்து, ஓட்டைகளை ஊசியால் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்யுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். அப்படியும் நிறம் மாறவில்லையா? பர்னருக்குள் கேஸ் வரும் சின்ன துவாரமான ஜெட்டில் அடைப்பு இருக்கலாம். அதை நீங்கள் குத்த வேண்டாம், மெக்கானிக்கிடம் விடுங்கள்.

கேஸ் வீணாவது இன்னொரு வழியிலும். தீ பாத்திரத்தின் அடிக்குள்ளேயே அடங்க வேண்டும். பக்கவாட்டில் ஏறும் தீ சுவரைத்தான் சூடாக்குகிறது. என் வீட்டில் சின்ன டீ பாத்திரத்தைப் பெரிய பர்னரில் வைத்தே பழகிவிட்டோம். கைப்பிடி கருகி, திருகு தளர்ந்து, ஒருநாள் கொதிக்கும் பாலோடு கையிலேயே சுழன்றது. நல்லவேளை, பால் காலில் கொட்டவில்லை. அன்றிலிருந்து டீ எப்போதும் சின்ன பர்னரில்தான்.

அடி கனமான பாத்திரம் பாயசத்துக்கும் கூட்டுக்கும் நல்லது, அடிபிடிக்காது. வெந்நீர் வைக்க அது தேவையில்லை. இண்டக்‌ஷன் அடுப்பு இல்லாத வீட்டில் இண்டக்‌ஷன் அடிக்காகக் கூடுதல் பணம் தராதீர்கள்.

நீங்கள் பார்த்து வாங்க வேண்டியது சிலிண்டரிலிருந்து அடுப்புக்கு வரும் கேஸ் ட்யூப். ஆரஞ்சு நிற சுரக்‌ஷா ட்யூபின் ஆயுள் 5 வருடம். அடுப்போடு வாங்கிய அதே ட்யூப் என்றால் இந்த வாரமே மாற்றுங்கள்.

கேள்வி: கண்ணாடி அடுப்பில் கல்சட்டியும் நான்ஸ்டிக் தவாவும் வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். பழக்கிய கல்சட்டியை சிம்மில் ஆரம்பித்து மெல்லத் தீயைக் கூட்டுங்கள். குழம்பு முக்கால் பதம் வந்ததும் அணைத்துவிடுங்கள், மீதியைச் சட்டியின் சூடே பார்த்துக்கொள்ளும். நான்ஸ்டிக்கை மட்டும் வெறுமனே காயவிடாதீர்கள். சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பூச்சு கெட ஆரம்பிக்கும், காலித் தவா பெரிய தீயில் சில நிமிடங்களிலேயே அந்தச் சூட்டை எட்டிவிடும். இரண்டு பர்னரையும் மூடும் அகலமான அண்டா வேண்டாம். சூடு கீழே திரும்பிக் கண்ணாடி வெடிக்கக்கூடும். சூடான கண்ணாடியை ஈரத்துணியால் துடைக்கவும் கூடாது.