16 வயதில் சீனியர் அணி: இளம் கால்பந்து வீரர்கள் பற்றிய கேள்விகளும் பதில்களும்

இளைஞர் அணிகளுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்து 18 வருஷமாகிறது. பதின்ம வயதில் தொழில்முறை ஆட்டத்துக்குள் நுழைவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஆட்டக்காரர்கள், பெற்றோர்கள், ரசிகர்கள் என்று எல்லாரும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஒரு ரசிகர்: சார், 15, 16 வயதுப் பையன்களைச் சீனியர் அணியில் இறக்குகிறார்களே, பயிற்சியாளர் அவர்களிடம் அப்படி என்ன பார்க்கிறார்?

டிரிப்ளிங்கை, அதாவது பந்தைக் காலோடு கொண்டு எதிராளியைத் தாண்டுவதை, பார்த்து இறக்குவதில்லை. அது இளைஞர் அணியில் நிறையப் பேருக்கு வரும். சீனியர் அணியோடு பயிற்சி செய்யும்போது பந்து வேகமாக வருகிறது, யோசிக்க நேரம் கிடைப்பதில்லை, பின்னால் இருந்து 30 வயது ஆள் இடிக்கிறார். அந்த நெருக்கடியில் பையன் பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்க்கிறானா, பந்தைத் தொலைத்துவிட்டால் அடுத்த முறையும் தைரியமாகக் கேட்கிறானா என்பதைத்தான் பார்ப்போம்.

வெய்ன் ரூனி 2002 அக்டோபரில் எவர்ட்டனுக்காக ஆர்சனலுக்கு எதிராக அடித்த கோலைத் தேடிப் பாருங்கள். 17-வது பிறந்தநாளுக்கு 5 நாள் இருந்தது. உயரத்தில் வந்த பந்தை ஒரு தொடுதலில் அடக்கித் திரும்பி, தூரத்திலிருந்தே அடித்தார். 30 லீக் ஆட்டங்களாகத் தோற்காமல் இருந்த ஆர்சனல் அன்று தோற்றது. கோலைவிட அந்த முதல் தொடுதலைத்தான் என் பையன்களுக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவேன்.

அப்புறம் இன்னொன்று. லமின் யமால் 2023 ஏப்ரலில் 15 வயதில் பார்சிலோனாவுக்காக லீக்கில் இறங்கினார். அந்த சீசனில் சீனியர் அணிக்கு அவர் ஆடியது அந்த ஒரே ஆட்டம், அதுவும் கடைசிச் சில நிமிடங்கள். ருசி காட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அதே ரசிகர்: அப்படியானால் ஃப்ரெடி அடு ஏன் தேறவில்லை?

அமெரிக்காவில் 2004-ல் 14 வயதிலேயே டிசி யுனைடெட்டுக்காகத் தொழில்முறை லீக்கில் ஆடியவர் அவர். அந்த லீக்கின் மிக இளைய ஆட்டக்காரர் என்ற சாதனை 2024-ல் கேவன் சல்லிவன் வரும்வரை 20 வருஷம் நின்றது. இறங்குவதற்கு முன்பே ‘அடுத்த பெலே’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். 18 வயதில் பென்ஃபிகா போனார், அங்கிருந்து பிரான்ஸ், கிரீஸ், துருக்கி என்று லோனில் (தற்காலிகமாக வேறு கிளப்புக்கு ஆட அனுப்புவது) அலைந்தார். ஓர் இடத்திலும் வேர் பிடிக்கவில்லை. திறமை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சக வயதுப் பையன்களோடு ஆடித் தவறு செய்து கற்கவேண்டிய வருஷங்களை அவர் கேமரா முன்னால் கழிக்க வேண்டியதாயிற்று.

17 வயது நடுக்கள வீரர்: பெரிய கிளப்பின் இளைஞர் அணியில் இருக்கிறேன் அண்ணா. ஒரு சின்ன கிளப் லோனில் கேட்கிறது. போனால் இங்கே என்னை மறந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

தம்பி, இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மார்ட்டின் ஓடகார்ட் நார்வே தேசிய அணிக்காக 15 வயதில் ஆடினார். 2015 ஜனவரியில், 16 வயதில், ரியல் மாட்ரிட் வாங்கியது. அதே மே மாதம் ரொனால்டோவுக்கு மாற்றாக இறங்கினார். அதற்கப்புறம் சீனியர் அணியில் நிலையான இடம் கிடைக்கவில்லை. ‘கதை முடிந்தது’ என்று எல்லோரும் எழுதினார்கள். அவர் நெதர்லாந்துக்குப் போய் ஹீரன்வீன், அப்புறம் விட்டெஸ்ஸே, அங்கிருந்து ஸ்பெயின் திரும்பி ரியல் சொசிடாட் என்று ஆடிக்கொண்டே இருந்தார். 2021-ல் ஆர்சனல். 2022-ல் அங்கே கேப்டன். இந்த நெதர்லாந்து வருஷங்களைத்தான் யாரும் பேசுவதில்லை. ஆனால் வாரா வாரம் 90 நிமிடம் ஆடி, தோற்று, மறுநாள் பயிற்சிக்கு வந்த காலம் அதுதான்.

ஹாரி கேன் 17 வயதில் லேட்டன் ஓரியன்டுக்கு லோனில் போனார், பிறகு மில்வால், நார்விச், லெஸ்டர். இங்கிலாந்துக்காக மிக அதிக கோல் அடித்தவர் இன்று அவர்தான்.

ஆகவே போ. ஆனால் கையெழுத்துக்கு முன்னால் விசாரித்துக்கொள். அங்கே உன் இடத்தில் ஆடுபவர் யார்? பயிற்சியாளர் உன்னைக் கேட்டாரா, அல்லது நிர்வாகம் மட்டும் கேட்டதா? அந்த அணி பந்தைத் தரையில் ஆடுகிறதா, தலைக்கு மேல் தூக்கி அடிக்கிறதா? நடுக்கள வீரன் தலைக்கு மேல் பந்து பறப்பதைப் பார்த்துக்கொண்டே ஒரு சீசனைக் கழித்தால் ஒன்றும் கற்க முடியாது. உன் கிளப்பிலிருந்து யார் வந்து உன் ஆட்டங்களைப் பார்ப்பார்கள் என்றும் கேள். பதில் சொல்லத் தயங்கினால் அந்த லோன் வேண்டாம், அடுத்ததற்குக் காத்திரு.

14 வயதுப் பையனின் அம்மா: ஏஜென்ட் ஒருவர், வெளிநாட்டு கிளப்பில் சேர்த்துவிடுகிறேன், முன்பணம் கட்டுங்கள் என்கிறார். நம்பலாமா சார்?

கட்டாதீர்கள் அம்மா. தயவுசெய்து கட்டாதீர்கள்.

உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி 18 வயதுக்கு முன் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்கு மாறக்கூடாது. விலக்குகள் சிலதான். பெற்றோர் கால்பந்துக்குத் தொடர்பில்லாத காரணத்துக்காகக் குடிபெயர்ந்திருக்கலாம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 முதல் 18 வயதுக்காரர்கள் மாறலாம், எல்லையோரத்தில் வசிப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. இந்த விதியை மீறியதற்காக 2014-ல் பார்சிலோனாவுக்கே ஆட்டக்காரர்களை வாங்கத் தடை போட்டார்கள். ஒரு தனி ஏஜென்ட் அதை எப்படித் தாண்டுவார்?

ஏஜென்ட்களுக்கும் வரம்பு இருக்கிறது. அந்த நாட்டில் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடக்கூடிய வயதுக்கு 6 மாதம் முன்புதான் ஒரு சிறுவரை அணுகலாம், அதுவும் பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தோடு. ஒப்பந்தம் போடும் காலம் வந்தால் இதையும் நினைவில் வையுங்கள்: 18 வயதுக்குக் கீழ் இருப்பவரோடு 3 வருஷத்துக்கு மேல் ஒப்பந்தம் போட முடியாது. யாராவது 5 வருஷத்துக்குக் காகிதம் நீட்டினால் விளையாட்டுச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் காட்டுங்கள்.

ஒரு தந்தை: மகன் வாரத்துக்கு மூன்று ஆட்டம் ஆடுகிறான். இளம் உடம்புதானே, தாங்காதா?

தாங்கும், பிறகு ஒருநாள் தாங்காது. பெட்ரி 2020-21 சீசனில், 18 வயதில், கிளப், யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை), ஒலிம்பிக் என்று 70 ஆட்டங்களுக்கு மேல் ஆடினார். அடுத்த சீசனில் தொடைத் தசைக் காயங்கள் அவரை மாதக் கணக்கில் உட்கார வைத்தன. மைக்கேல் ஓவன் 18 வயதில், 1998 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஓடி அடித்த கோலை மறக்க முடியுமா! மறு வருஷம் ஹாம்ஸ்ட்ரிங் எனும் பின்தொடைத் தசை கிழிந்தது. பழைய வேகம் அதன்பிறகு வரவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

திடீரென்று உயரம் கூடும் மாதங்களில் எலும்பு முந்திக்கொள்ளும், தசையும் தசைநாரும் பின்தங்கும். முழங்காலுக்குக் கீழேயோ குதிகாலிலோ வலி வந்தால் ‘வளர்கிற வலி’ என்று தள்ளிவிட்டு ஆட வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். வேகமாகக் கூடும்போது தாவல், வேக ஓட்டம் இரண்டையும் குறையுங்கள். தூக்கம் 8 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது.

என் அணியில் ஒருவன் வலிக்கிறது என்று சொல்லியும், அரையிறுதி என்பதற்காக நான் ஆடவிட்டேன். எட்டு மாதம் உட்கார்ந்தான். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

18 வயது முன்கள வீரர்: ஆட்டத்துக்கு முந்தைய இரவு நெஞ்சு படபடக்கிறது, தலை சுற்றுகிறது. வெளியே சொன்னால் பலவீனம் என்பார்கள்.

சொல் தம்பி. இன்றைக்கே அணி மருத்துவரிடம் சொல்.

போயன் கிர்கிச் 17 வயதில் பார்சிலோனாவின் மிக இளைய லீக் கோல்காரர் என்ற மெஸ்ஸியின் சாதனையை முறியடித்தார். ‘அடுத்த மெஸ்ஸி’ என்றார்கள். 2008 யூரோவுக்கு அவர் போகவில்லை. விடுமுறை வேண்டும் என்று மறுத்துவிட்டதாக வெளியே பேச்சு. உண்மையில் அவருக்கு மனப்பதற்றம். தலைச்சுற்றலும் அழுத்தமும் விடவில்லை. வருஷங்கள் கழித்து அவரே வெளிப்படையாகப் பேசினார். 17 வயதுப் பையன் அதை இவ்வளவு காலம் தனியாகச் சுமந்திருக்கிறானே என்று படித்தபோது எனக்கு மனம் கனத்துப்போனது. உனக்கு அப்படி ஆக வேண்டாம். தசை பிடித்தால் பிசியோவிடம் போகிறாய் அல்லவா, இதுவும் அப்படித்தான்.

16 வயது வீராங்கனை: பெண்களில் இப்படிச் சின்ன வயதில் வந்தவர்கள் உண்டா சார்?

உண்டு, அம்மா. கொலம்பியாவின் லிண்டா கைசெடோ 14 வயதில் சீனியர் லீக்கில் ஆடினார். 15 வயதில் சினைப்பைப் புற்றுநோய், அறுவை சிகிச்சை. திரும்பி வந்து 2022-ல் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை, பிறகு 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை, 2023-ல் சீனியர் உலகக் கோப்பை, மூன்றிலும் ஆடினார். 18 வயது முடிந்த கையோடு ரியல் மாட்ரிட் சேர்ந்தார். நான் மேலே சொன்ன வயது விதிக்கு இதுவே உதாரணம்.

உனக்கு ஒரு வேண்டுகோள்: முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். குதித்து இறங்கும்போது முழங்கால்கள் உள்நோக்கி மடியாமல் இறங்கும் பயிற்சியை வார்ம்-அப்பிலேயே சேர்த்துக்கொள்.

ஒரு தாய்: படிப்பை நிறுத்திவிடலாமா?

வேண்டாம். யமால் 2024 யூரோ ஆடப் போனபோதே பள்ளிப் பாடங்களையும் கொண்டுபோனார்.

16 வயது வீரர்: அகாடமியில் என்னை விடுவித்துவிட்டார்கள். உயரம் போதாதாம்.

ஜேமி வார்டியையும் 16 வயதில் ஷெஃபீல்டு வெட்னஸ்டே அகாடமியில் இதே காரணம் சொல்லி விட்டார்கள். தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே கீழ் நிலை லீக்குகளில் ஆடி, 25 வயதில் லெஸ்டருக்கு வந்து, 2016-ல் பிரீமியர் லீக் வென்றார். கிரீஸ்மானைச் சின்ன உடம்பு என்று பல பிரெஞ்சு கிளப்புகள் ஒதுக்கின. ஸ்பெயினில் ரியல் சொசிடாட் எடுத்துக்கொண்டது. உன் ஆட்டங்களின் வீடியோவைச் சேர்த்து வை, இந்த மாதமே வேறு கிளப் தேடு. பெரிய வருத்தம் இருக்கும், ஆனால் காலைப் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே.

17 வயது வீரர்: அண்ணா, நாளை முதல் முறையாகச் சீனியர் அணியின் பெஞ்சில் இருப்பேன். கடைசி 10 நிமிடம் கிடைக்கலாம்.

வாழ்த்துகள் தம்பி! பெஞ்சில் உட்கார்ந்து பந்தையே பார்க்காதே, உன் இடத்தில் ஆடும் எதிராளியைப் பார். எந்தக் காலால் திரும்புகிறார், எப்போது களைக்கிறார்? இறங்குவதற்கு முன் எதிரணிக்கு கார்னர் உதை கிடைத்தால் நீ யாரைத் தடுத்து நிற்கவேண்டும் என்று உதவிப் பயிற்சியாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள். இளையவர்கள் பெரும்பாலும் இதில்தான் தடுமாறுகிறார்கள். முதல் பந்தை எளிதாக, பக்கத்தில் இருப்பவரிடம் கொடு. உடம்பு சூடான பிறகு துணிந்து ஆடு.

முடிந்ததும் எழுது. முதல் பந்து எங்கே வந்தது, யாருக்குக் கொடுத்தாய் என்று சொல்.