மாயாபஜார் படத்துல வர்ற ‘கல்யாண சமையல் சாதம்’ காட்சியை வீட்ல மினியேச்சரா செய்யணும். எந்த ஸ்கேல், என்ன மெட்டீரியல், லட்டு பறக்குறத எப்படி காட்டுறது?

எங்க வீட்ல நவராத்திரி கொலுவுக்கு பக்கத்துல பார்க் வைக்கிற இடத்துல கொஞ்ச வருஷமா பழைய படக் காட்சிதான் வைக்கிறோம், அதனால எனக்கு கைவந்தத சொல்றேன்.

மொதல்ல பாட்ட போட்டு பாத்து ஒரே ஒரு ஃப்ரேம்ல நிறுத்துங்க. கடோத்கஜன் பந்தியில உக்காந்து லட்டு தானா வாய்க்குள்ள போற அந்த ஒரு நொடி போதும், மொத்த பாட்டையும் ஒரு பெட்டிக்குள்ள அடைக்கப் பாத்தா எதுவுமே கண்ணுல நிக்காது. கேமரா எங்க இருந்திருக்கும்னு யோசிச்சு அந்த ஒரு இடத்துலேர்ந்து பாக்குறவங்களுக்காக மட்டும் செய்ங்க, மூணு பக்கம் மூடி முன்பக்கம் மட்டும் திறந்த பெட்டி. 1957ல கே.வி. ரெட்டி இயக்கி மார்க்கஸ் பார்ட்லி கேமரா பண்ண படம், ஒவ்வொரு ஃப்ரேமும் அப்படி யோசிச்சு வச்சதுதான், நாம அதுக்கு மரியாதை பண்ணா போதும்.

ஸ்கேல் 1:12 வச்சுக்கங்க, நிஜத்துல ஒரு அடின்னா இங்க ஒரு இன்ச், கணக்கு ஈஸி. ஆனா கடோத்கஜன மட்டும் 1:9ல செய்ங்க. பாத்திரம், தூண், பலகை எல்லாம் 1:12ல இருந்து அவர் மட்டும் பெருசா இருந்தாதான் அந்த அசுர சைஸ் வரும், யாருக்கும் ஏன்னு தெரியாது ஆனா பாத்த உடனே பிரம்மாண்டமா இருக்கும்.

உடம்புக்கு கட்டுக்கம்பில எலும்பு மாதிரி முறுக்கி, வயிறு நெஞ்செல்லாம் அலுமினியம் ஃபாயில கசக்கி கட்டி, அதுக்கு மேல ஏர் ட்ரை க்ளே மெல்லிசா போடுங்க, உள்ளயும் க்ளேயே அடைச்சா காயும்போது சுருங்கி வெடிச்சிடும். நகை, கிரீடம், விரல் மாதிரி சின்ன வேலைக்கு எம்-சீல் (ரெண்டு களிம்ப பிசைஞ்சு ஒட்டுற எபாக்ஸி) நல்லா நிக்கும். முகஜாடை வரலையேன்னு ரொம்ப கவலப்படாதீங்க, கடோத்கஜனா நடிச்ச எஸ்.வி. ரங்காராவ அடையாளம் காட்டுறது அந்த தோள், பின்னால சாஞ்ச தலை, உடம்பு குலுங்க சிரிக்கிற தோரணை, அது சரியா வந்தா மூக்கு கொஞ்சம் முன்னபின்ன இருந்தாலும் பாக்குற பெரியவங்க உடனே சொல்லிடுவாங்க.

கலர் விஷயம். தெலுங்கு பதிப்ப 2010ல கலர் பண்ணி ரிலீஸ் பண்ணாங்க, அத பாத்து அடிக்கலாம்தான், ஆனா என் ஓட்டு கருப்பு வெள்ளைக்குத்தான், நம்ம மனசுல இருக்குற படம் அதுதானே. அக்ரிலிக் கருப்பையும் வெள்ளையையும் மட்டும் கலந்தா சாம்பல் நீலம் அடிக்கும், துளி பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு கலர்) சேத்தா பழைய பிரிண்ட் மாதிரி வரும். முழுசும் மேட் வார்னிஷ் அடிச்சிட்டு நகை, கண்ணு, உதட்டுக்கு மட்டும் க்ளாஸ் வார்னிஷ் வைங்க, நகை மேல ஊசிமுனைல ஒரு வெள்ளைப் புள்ளி, தங்கம்னு கண்ணு தானா நம்பிடும். மயிலாப்பூர் வடக்கு மாட வீதில கொலு சீசன்ல கிடைக்கிற பித்தளை சொப்பு ஒரு இன்ச் உயரம்னா இங்க ஒரு அடி அண்டா, அளவு கரெக்டா உக்காரும், ஆனா மஞ்சளா அப்படியே வச்சிடாதீங்க, பிரைமர் அடிச்சு சாம்பலாக்கிட்டு விளிம்புல மட்டும் வெளிர் சாம்பல் ட்ரை ப்ரஷ் பண்ணுங்க, அதாவது பெயிண்ட்ட துடைச்சிட்டு கிட்டத்தட்ட காஞ்ச ப்ரஷ்ஷால லேசா தேய்ங்க.

இப்ப லட்டு. ரெண்டு இன்ச் லட்டுன்னா இந்த ஸ்கேல்ல நாலு மில்லிமீட்டர்தான் வரும். க்ளேய உருட்டி ஈரமா இருக்கும்போதே சலிச்ச ஆத்து மணல்ல புரட்டி எடுங்க, பூந்தி பூந்தியா தெரியும் (ரவை அழகாதான் இருக்கும், ஆனா நாள்பட பூச்சி வந்துடும்). மேலேர்ந்து நைலான் நரம்புல தொங்க விடாதீங்க, லைட் பட்டா நரம்பு மின்னும், ஃபேன் காத்துல லட்டு ஆடும். கிட்டார் முதல் ஸ்ட்ரிங் மாதிரி மெல்லிய ஸ்டீல் கம்பிய பின்சுவர்லேர்ந்து நேரா முன்னால நீட்டி லட்டோட முதுகுல சொருகிடுங்க, கம்பிக்கு பின்சுவர் கலரே அடிச்சிட்டா முன்னாலேர்ந்து பாக்குறவங்களுக்கு லட்டே கம்பிய மறைச்சுக்கும். தட்டுலேர்ந்து வாய் வரைக்கும் ஒரே இடைவெளில வைக்காம தட்டுகிட்ட நெருக்கமா, வாய்கிட்ட தள்ளி தள்ளி வைங்க, வேகம் புடிச்சு பறக்குற மாதிரி இருக்கும்.

லைட்டுக்கு வார்ம் ஒயிட் வேண்டவே வேண்டாம், சாம்பல் எல்லாம் மஞ்சளாயிடும், 4000 கெல்வின் எல்இடி வாங்குங்க. இடது மேல்மூலைல ஒரு பளிச் லைட், எதிர்ப்பக்கம் பட்டர் பேப்பர் ஒட்டின மங்கலான ஒண்ணு. அவரோட நிழல் பின்சுவர்ல பெருசா விழுற மாதிரி லைட்ட நகத்தி நகத்தி பாருங்க, நான் அதிக நேரம் செலவு பண்றது இதுலதான், பொம்மை சுமாரா இருந்தாலும் நிழல் சரியா விழுந்துட்டா காட்சி எழுந்து நிக்கும்.

வைக்கும்போது கொலுப்படில கீழ வைக்காம தனி ஸ்டூல்ல, உக்காந்து பாக்குறவங்க கண்ணு கடோத்கஜன் நெஞ்சுக்கு நேரா வர்ற உயரத்துல வைங்க. மேலேர்ந்து பாத்தா அவரும் குட்டியாயிடுவார், கம்பியும் தெரிஞ்சிடும்.